உன் இல்லம் எது?

கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை கண்டக்குழிக் கடல் அமைதியாகக் கிடக்கும். சிறு படகுகள் விடியுமுன் இறங்கி வெயில் ஏறுமுன் கரை சேரும். டொல்பின் பார்க்க வெளியூரார் வருவார்கள். உட்புறத்து மணல் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் நிற்கும். கூலிக்கு ஆள் தேடும் காலம் அது. அதே காலத்தில்தான் எமது பாடசாலைகளிலும் ஒரு பரபரப்புத் தொடங்குகிறது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழுகிறது. மேளம் பழகும் சத்தம் தோட்டம்வரை கேட்கிறது. முதலாந் தவணையின் இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது.

பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதிலும் மிகப் பெரிய வாரம் இதுதான். பாடப் புத்தகம் மூடப்படுகிறது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பாடசாலை நான்காகப் பிரிகிறது. ஓட்டம், அஞ்சலோட்டம், கயிறிழுத்தல், அணிநடை, இல்ல அலங்காரம், கடைசி நாளில் பிரதம விருந்தினர், பரிசளிப்பு. இதில் பங்குபற்றாத பிள்ளை யார், ஏன் பங்குபற்றவில்லை என்று நாம் கேட்பது குறைவு. அந்தக் கேள்வியை எம்மிடம் கொண்டுவந்தவர் ஓர் ஆசிரிய மாணவி.

தோட்டக் கிணறுகள் பற்றிய கூட்டம் ஒன்றுக்காக நாம் கண்டக்குழிப் பக்கம் போயிருந்தோம். கூட்டத்துக்கு வந்த ஒரு தாயுடன் அவருடைய மகளும் வந்திருந்தார். கல்வியியற் கல்லூரியில் பயில்பவர். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் இக்கல்லூரிகளில் பாடநெறி மூன்று ஆண்டு. இரண்டு ஆண்டு கல்லூரியில் படிப்பு, மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அந்த மூன்றாம் ஆண்டை அவர் கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பாடசாலையில் கழித்தார். தம்முடைய பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டார். எழுதவில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறோம்.

காய்ச்சல் என்று சொன்ன நாள்

மகளின் குடும்பம் மன்னார் மாவட்டத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் ஊர்களை விட்டார்கள். தரைவழியே நடந்து வந்தவர்கள் உண்டு. படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் உண்டு. இவருடைய பெற்றோர் படகில் வந்தவர்கள். நெல் விதைத்த கை வேறொருவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் கையாயிற்று. மகள் இங்கே பிறந்தார், ஓலைக் கொட்டிலிலிருந்து பாடசாலைக்குப் போனார்.

ஏழாம் வகுப்பில் அவருக்கு ஓட்டம் நன்றாக வரும். அந்த ஆண்டு இல்ல நிறத்தில் ரீ-சேர்ட் கட்டாயம் என்றார்கள். வீட்டில் கேட்கத் துணியவில்லை. போட்டி நாளன்று உம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

"உம்மா நெத்தியத் தொட்டுப் பார்த்தாங்க பாதர். காய்ச்சல் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். ஆனா ஒண்டும் கேக்கல்ல" என்றார்.

பக்கத்தில் இருந்த தாய் தலையைக் குனிந்துகொண்டார். நாமும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை ஆசிரிய மாணவியாக ஒரு பாடசாலைக்குள் நுழைந்தபோது, மஞ்சள் இல்லத்துக்கு உதவிப் பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்டார்.

ஓர் இல்லம் எப்படி 'முகாம் இல்லம்' ஆகிறது?

முதல் வாரத்திலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். மற்ற இல்லத்துப் பிள்ளைகள் மஞ்சள் இல்லத்தை 'முகாம் இல்லம்' என்று அழைத்தார்கள். விளையாட்டாகச் சொன்னார்கள். ஆனால் தோற்கும் நேரத்தில் அது விளையாட்டாக இருக்கவில்லை. தாயும் தந்தையும்கூட இங்கேயே பிறந்த பிள்ளைகளைப் பார்த்து 'அகதி' என்ற சொல் மைதானத்தில் விழுந்தது.

யாரும் திட்டமிட்டு இப்படிப் பிரிக்கவில்லை. பழைய இடாப்புகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்ந்த காலத்தில் ஆட்தொகை குறைந்திருந்த இல்லத்தில் அவர்களைச் சேர்த்தார்கள். அதன்பின், அண்ணனின் இல்லத்திலேயே தம்பியும் தங்கையும் இருக்க வேண்டும் என்ற வழக்கம் வேலை செய்தது. நல்ல நோக்கத்தோடு வந்த வழக்கம்தான். ஆனால் அண்ணனிலிருந்து தம்பிக்கும் தம்பியிலிருந்து மகனுக்கும் அது இறங்கி வந்தது. முப்பது ஆண்டு கழிந்தும் வேலி அப்படியே நின்றது. நாட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை.

இல்ல முறை எமது மண்ணில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் தங்கிப் படித்தார்கள். அந்த வீடுகளுக்கு இடையில் போட்டி நடந்தது. அந்த வழக்கம் ஆங்கிலப் பாடசாலைகளோடு இலங்கைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. தங்குகின்ற வீடு இல்லாமற் போயிற்று, இல்லம் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. முஸ்லிம் பாடசாலைகளில் ஹிரா, ஸபா, மர்வா என்றும், வேறிடங்களில் புனிதர்களின் பெயராலும் புலவர்களின் பெயராலும் இல்லங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பாடசாலைகளிலும் இதை ஒத்த ஒரு வாரம் உண்டு. நாளுக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வேடம் என்று உடுத்தி வந்து, தம் பாடசாலைமேல் உள்ள பற்றைக் காட்டுவார்கள். அங்கும் வேடத்துக்குப் பணமில்லாத பிள்ளை அந்த வாரம் ஒதுங்கி நிற்கிறது.

வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளையிடம் நாம் 'உன் இல்லம் எது?' என்று கேட்கிறோம். பிள்ளை 'மஞ்சள்' என்கிறது. அந்தப் பதிலைச் சொல்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்க வேண்டும். வெட்கம் இருந்தால், தவறு எங்கள் பக்கம்.

வெங்காயத் தோட்டத்தில் ஓர் ஓட்டக்காரன்

தெரிவுப் போட்டிகள் தொடங்கின. ஏழாம் வகுப்பில் ஒரு பையன். இடைவேளையில் அவனைப் பிடிக்க யாராலும் முடியாது. தெரிவுப் போட்டி நாளில் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆசிரிய மாணவி அவன் வீட்டைத் தேடிப் போனார்.

பையன் தோட்டத்தில் நின்றான். மூதாட்டி ஒருவர் வாசலில் வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு ஓட விருப்பந்தான் டீச்சர்" என்றார் அவர். "மஞ்சள் சட்ட இல்லாமப் போனா நிக்க வெச்சிப் பார்ப்பாங்க. அந்தக் கிழம மட்டும் தோட்டத்துக்குப் போகட்டும். நாலு காசும் வரும், மானமும் மிஞ்சும்."

ஒரு சட்டைக்குக் கேட்ட தொகை, அந்த மூதாட்டியின் ஒரு நாள் கூலியை விட அதிகம். அதே வீட்டில் மூன்று பிள்ளைகள் மஞ்சள் இல்லத்தில் இருந்தார்கள்.

இங்கே நாம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. இலவசச் சீருடைத் துணி 1993இல் வந்தது. வெள்ளைச் சீருடையின் பயனே, உள்ளவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் ஒரே வரிசையில் வேற்றுமை தெரியாமல் நிற்கலாம் என்பதுதான். ஆண்டு முழுவதும் நாடு மறைத்து வைத்த வேற்றுமையை, ஒரே வாரத்தில் ஒரு ரீ-சேர்ட் வெளியே எடுத்துக் காட்டிவிடுகிறது.

மஞ்சளில் தோய்த்த துணி

ஆசிரிய மாணவி பொறுப்பாசிரியரிடம் போனார். இந்த ஆண்டு மஞ்சள் இல்லத்துக்குச் சட்டை வேண்டாம், வெள்ளைச் சீருடையும் கையில் ஒரு மஞ்சள் துணியும் போதும் என்றார். அலங்காரத்துக்குக் காசு சேர்க்க வேண்டாம், ஊரில் கிடைப்பதைக் கொண்டு கட்டலாம் என்றார்.

பொறுப்பாசிரியர் கெட்டவரல்லர். பல ஆண்டு அந்த மைதானத்தில் வெயில் குடித்தவர். "மகள், நீங்க ஒரு வருசத்துக்கு வந்தவங்க. நாங்க இங்கேயே இருக்கிறவங்க. அணிநடையில சீருடைக்குப் புள்ளி இருக்கு. அது போனா புள்ளைகள் உங்களக் கேக்க மாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்க" என்றார்.

அதிபர் அனுமதி கொடுத்தார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். விதி எல்லா இல்லத்துக்கும் ஒன்று. புள்ளி குறைந்தால் குறைந்ததுதான். அதை அவர் மாற்றமாட்டார்.

அவர் சொன்னது நேர்மை என்றே ஆசிரிய மாணவிக்குப் பட்டது. ஆகவே முடிவைத் தாம் எடுக்காமல் இல்லக் கூட்டத்தைக் கூட்டிப் பிள்ளைகளிடமே கேட்டார். புள்ளி குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெரும்பாலான கைகள் உயர்ந்தன. தலைவியின் கை உயரவில்லை. அவள் பதினோராம் வகுப்பு. அதுவே அவளுடைய கடைசிப் போட்டி.

பழைய வெள்ளைத் துணிகள் வந்தன. தாய்மார் அவற்றைக் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, வேலியில் காயப் போட்டார்கள். தந்தையர் கிடுகு கொண்டுவந்தார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று கிழிந்த வலையைச் சுமந்து வந்தது. வெங்காய மூடைச் சாக்குகளும் வந்தன. எதைக் கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. ஆசிரிய மாணவி பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தார். உங்கள் வீட்டு மூத்தவரிடம், அவர் பிறந்த வீட்டில் முன்பக்கம் என்ன இருந்தது என்று கேட்டு வாருங்கள்.

பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். திண்ணை இருந்தது. நெல்லுப் பெட்டி இருந்தது. தண்ணீர்ப் பானை வைக்க மண்மேடை இருந்தது. ஒருவரின் வீட்டு முற்றத்தில் வேம்பு நின்றது. கரையூரில் பிறந்த பிள்ளை ஒன்று, தன் பாட்டனாரின் வாடியில் துடுப்புச் சாத்தி வைத்திருந்ததாகச் சொன்னது. எல்லாவற்றையும் சேர்த்துக் கிடுகால் ஒரு முன்வாசல் கட்டினார்கள். முகாம் வீடும் கரையூர் வீடும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

பத்துப் புள்ளி

போட்டி நாள் வந்தது. இல்லப் பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களில் இருவர் மட்டும் வரவில்லை. இருவருக்கும் உண்மையாகவே காய்ச்சல். பையன் வந்திருந்தான். வெறுங்காலுடன் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடினான். அவர்கள் அணி இரண்டாவதாக வந்தது.

அலங்காரத்தில் மஞ்சள் இல்லம் கடைசி. மற்ற இல்லங்களில் வண்ணத் தாளும் அச்சடித்த பதாகையும் இருந்தன. நடுவர்கள் கிடுகு வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் முதியவர்கள் போகவில்லை. ஒருவர் காலையில் வந்து அந்தத் திண்ணையில் அமர்ந்தவர், பரிசளிப்பு முடிந்து கிடுகைப் பிரிக்கும்வரை எழும்பவில்லை.

முடிவில் மஞ்சள் இல்லம் மூன்றாம் இடம். இரண்டாம் இடத்துக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் ஒன்பது புள்ளி. அணிநடையில் சீருடைக்காகக் குறைக்கப்பட்டது பத்துப் புள்ளி.

தலைவி ஆசிரிய மாணவியிடம் வந்தாள். அழுதிருந்தாள். "டீச்சர், நீங்க வராம இருந்திருந்தா நாங்க இரண்டாவது" என்றாள்.

"நான் என்ன சொல்லியிருக்க வேணும் பாதர்?" என்று மகள் எம்மிடம் கேட்டார். நாமும் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தலைவி சொன்னதில் பொய் இல்லை. அவள் ஐந்தாண்டு உழைத்திருக்கிறாள். ஒரு பிள்ளையின் மானத்துக்கான விலையை இன்னொரு பிள்ளை கொடுத்திருக்கிறது. விதியை எழுதிய பெரியவர்கள் எதையும் கொடுக்கவில்லை. பையன் அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தான். செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஒரு வாரத்து உற்சாகம் வறுமையைத் தீர்த்துவிடாது என்பதையும் நாம் ஒளிக்கக் கூடாது.

கயிறு ஒன்று, வேலை இரண்டு

இந்த இடத்தில் கடல் கடந்த ஓர் அனுபவத்தைச் சொல்வது பயன்படும். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முஸாபர் ஷெரிப் என்ற உளவியல் அறிஞர் 22 சிறுவர்களை ஒரு காட்டுப் பாசறையில் இரு குழுக்களாக வைத்தார். இரு குழுவும் ஒன்றையொன்று அறியாதவை. பின்னர் பந்தாட்டம், கயிறிழுத்தல் என்று அவற்றுக்கிடையே போட்டி வைத்தார். வென்ற குழுவுக்குப் பரிசு, தோற்றதற்கு ஒன்றுமில்லை. சில நாட்களுக்குள் ஏச்சும் சண்டையும் மூண்டன. ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது.

பிறகு அவர் இரு குழுவுக்கும் பொதுவான இடர்களை ஏற்படுத்தினார். பாசறைக்குத் தண்ணீர் வருவது நின்றது. இரு குழுவும் சேர்ந்து குழாய் வழியைத் தேடின. உணவுக்குப் போக வேண்டிய லொறி கிளம்ப மறுத்தது. முன்பு ஒருவரை ஒருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றை லொறியில் கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். மெல்லமெல்லப் பகை தணிந்தது.

அதற்கு முந்திய ஆண்டான 1953இல் இதே அறிஞர் நடத்திய இன்னொரு பாசறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே சிறுவர்கள் முதலில் எல்லாரும் ஒன்றாகப் பழகிய பின்பே பிரிக்கப்பட்டார்கள். எவ்வளவு முயன்றும் அவர்களைப் பகைவர்களாக்க முடியவில்லை. ஆய்வு இடையில் கைவிடப்பட்டது. பெரியவர்கள் தம்முடன் விளையாடுகிறார்கள் என்று சிறுவர்களே சந்தேகித்தார்கள்.

தண்ணீருக்காகப் பொதுக் கிணற்றில் கூடும் எமது குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போட்டி தானாகப் பகையைக் கொண்டுவருவதில்லை. பழகாத பிள்ளைகளை முதலில் பிரித்து, பிறகு போட்டிக்கு விட்டால் பகை வரும். முதலில் பழகவிட்டு, பிறகு போட்டிக்கு விட்டால் அது விளையாட்டாகவே முடியும்.

நாம் செய்யக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒவ்வொரு பெற்றோரும் அங்கத்தவர். இடம்பெயர்ந்து வந்தவர் என்பதால் அந்த உரிமை குறைவதில்லை. ஆனால் எமது குடும்பங்களிலிருந்து கூட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. தோட்ட வேலை, கூலி, 'எங்கட சொல்லை யார் கேப்பாங்க' என்ற எண்ணம். போட்டிக்கான செலவும் விதிகளும் பேசப்படும் கூட்டத்தில் எமது வாய் திறக்காவிட்டால், பிறகு காய்ச்சல் என்று படுப்பது எமது பிள்ளைதான்.

அந்தக் கூட்டத்தில் நான்கு காரியங்களைக் கேட்கலாம். முதலாவது, சீருடைக்கான புள்ளியை எல்லா இல்லங்களுக்கும் ஒன்றாக நீக்குதல், அல்லது வெள்ளைச் சீருடையும் நிறத் துணியும் என்று எல்லாருக்கும் ஒன்றாக வைத்தல். ஓர் இல்லம் மட்டும் விலை கொடுக்கும் நிலை அப்போது வராது. இரண்டாவது, அலங்காரத்தை ஊரில் கிடைக்கும் பொருளால் மட்டும் செய்ய வேண்டும் என்ற விதி. மூன்றாவது, புதிதாகச் சேரும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் நான்கு இல்லங்களுக்கும் பகிர்தல். நான்காவது, எத்தனை பேர் வென்றார்கள் என்பதோடு எத்தனை பேர் பங்குபற்றினார்கள் என்பதற்கும் புள்ளி கொடுத்தல். மஞ்சள் இல்லத்துக்கு இந்த நான்காவது விதி இருந்திருந்தால், அந்தத் தலைவி அழுதிருக்க வேண்டியதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெங்காயம் ஒரு நாள் பொறுக்கும். போட்டி வாரத்தில் பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். காசு இல்லையென்றால் பிள்ளையை மறைக்காமல், ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்வது வெட்கமல்ல.

ஆசிரிய மாணவியின் பயிற்சி ஆண்டு முடிந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் அவருடைய குறிப்புப் புத்தகத்தில், மாணவர் பங்கேற்பு நன்று, திட்டமிடல் இன்னும் தேவை என்று எழுதினாராம். இரண்டும் சரி என்று மகளே சிரித்தார். நாம் எழும்பும்போது அவருடைய தாய், அதுவரை பேசாதிருந்தவர், எம்மைப் பார்த்துச் சொன்னார்:

"அண்டைக்கு நெத்தி சுடல்லன்னு எனக்குத் தெரியும் பாதர். சட்டக் காசு எங்கிட்ட இல்ல. அதுதான் கேக்கல்ல."

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. சென்ற இல்ல விளையாட்டுப் போட்டியில் எமது வீட்டுப் பிள்ளை பங்குபற்றியதா? இல்லையென்றால் உண்மையான காரணம் என்ன?

2. எமது பாடசாலையில் எந்த இல்லத்திலாவது ஒரே பக்கத்துப் பிள்ளைகள் குவிந்திருக்கிறார்களா? அது எப்படி வந்தது?

3. ஊரவர் பிள்ளைகளும் வந்தவர் பிள்ளைகளும் போட்டிக்கு முன் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை என்ன? மைதானத்தைத் துப்புரவாக்குவதா, கிணற்றைச் சுற்றி வேலி கட்டுவதா?

4. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு எம்மில் யார் போவது?